இடைவெளியை நீக்கும் பொத்தான்

மார்ச் 3

அன்பு மருமகளே,

அக்கா சற்றுமுன் போன் செய்தாள். பயிற்சி நிலையத்தில் உன்னைத் தேர்ந்தெடுத்து, இருபதாம் தேதி மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், எதிரே அடுக்கியிருந்த இருமல் மருந்துப் பெட்டிகளிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கிற என் அக்கா மகள், இனி அந்த வேலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாள். சும்மாவா?

பாராட்டில் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. விண்ணப்ப வீடியோவை அனுப்ப அன்றைக்குத்தான் கடைசித் தேதி. நீ ஷிஃப்டில் இருந்தாய். துண்டு துண்டாக எடுத்த வீடியோக்களை எனக்கு அனுப்பி, சேர்த்து வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து நிலையத்துக்கு அனுப்பிவிடச் சொன்னாய். வெளிச்சத்தோடு விடுவதற்கு டைரக்டர் மாமா எதற்கு? குடும்பத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வீடியோ எடிட் செய்து, பெயரோடு பட்டமும் வாங்கியவன் நான்.

என்னிடம் இருப்பது இலவச மென்பொருள்தான். என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆசாமிகளுக்கென்றே செய்தது. அதில் புதிதாக ஒரு பொத்தான் வந்திருக்கிறது. ‘இடைவெளியை நீக்கு’ என்று பெயர். எங்கெல்லாம் பேச்சு நிற்கிறதோ அங்கெல்லாம் அதுவே வெட்டி, மிச்சத்தை ஒட்டிவிடும். அழுத்திவிட்டுப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்தால் வேலை முடிந்திருந்தது. ஒரே எழுத்தை நீ திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நானே கையால் எடுத்தேன். ஆரம்பத்தில் தங்க எழுத்தில் உன் பெயர் சுழன்று வரும், பின்னால் மெல்லிசாக ஒரு வீணை.

மருமகளே, முழு வீடியோவிலும் நீ ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள் உன்னிடம் பிச்சை வாங்க வேண்டும். பார்த்துவிட்டு எழுது.

டைரக்டர் மாமா

*

மார்ச் 5

மாமாவுக்கு,

போனில் கேட்க வேண்டியதை எழுதுகிறேன். போனில் நான் முதல் வார்த்தையில் நிற்கும்போதே நீங்கள் மூன்றாவது வார்த்தைக்குப் பதில் சொல்லிவிடுவீர்கள். எழுத்தில் என்னை யாரும் முந்த முடியாது.

வீடியோவை நேற்று கேன்டீனில் பார்த்தேன். பட்டன் பிரிவுத் தோழி பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குரல் யார் கொடுத்தது என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ‘நா’விலேயே நின்றுவிட்டேன். அவள் புரிந்துகொண்டு சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

உங்களை யார் இதைச் செய்யச் சொன்னார்கள்? அதில் பேசுவது நான் இல்லை. என் முகத்தை மாட்டிக்கொண்டு வேறு யாரோ பேசுகிறாள். நிலையத்தின் அலுவலகத்திலிருந்து பேசியவர், உங்கள் பெண் எவ்வளவு சரளமாகப் பேசுகிறார் என்று அம்மாவிடம் பாராட்டினாராம். அம்மாவும் ‘ஆமாங்க’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். இருபதாம் தேதி அந்த அறைக்குள் போய் நான் வாயைத் திறந்ததும் என்ன ஆகும்? திக்குகிறவள் என்று நினைத்தால் பரவாயில்லை, அது உண்மைதான். ஏமாற்றுக்காரி என்று நினைப்பார்கள்.

இந்த வேலை எனக்கு வேண்டும், மாமா. ஊரில் எத்தனையோ வேலை இருக்கிறது, எனக்கு இதுதான் வேண்டும். புதிதாக வருகிற பெண்களுக்கு மெஷினைத் திறந்து காட்டும்போது தொழிற்சாலையில் நான் சந்தோஷமாக இருக்கிறேன். வேறு எப்போதும் அவ்வளவு சந்தோஷமாக இருப்பதில்லை. அதைத்தான் நீங்கள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சந்தியில் நிறுத்திவிட்டீர்கள்.

நான் அனுப்பிய துண்டுகளை, நீங்கள் கை வைக்காமல் அப்படியே சேர்த்து உடனே அனுப்புங்கள். வீணை வேண்டாம்.

மருமகள்

*

மார்ச் 7

மருமகளே,

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவளும் உன் பக்கம்தான். இந்த வீட்டில் எனக்கு ஆதரவாக இருப்பது மின்விசிறி ஒன்றுதான், அதுவும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதால்.

நான் ஒரு கேள்வி கேட்கிறேன், பதில் சொல். விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுத்தாயே, அதில் உன் கன்னத்திலிருந்த பருவை நான் எடுத்தேனா இல்லையா? அப்போது நீ சண்டைக்கு வந்தாயா? முகத்தில் இருந்ததை எடுத்தால் உதவி, பேச்சில் இருந்ததை எடுத்தால் மோசடியா? உலகத்தில் வேலை கேட்கிறவன் ஒவ்வொருவனும் தன்னைக் கொஞ்சம் பூசி மெழுகித்தான் காட்டுகிறான்.

சரி, அதை விடு. இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படாதே. நீ கேட்ட பழைய துண்டுகள் என்னிடம் இல்லை. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று அன்றைக்கே அழித்துவிட்டேன். புராஜெக்ட் ஃபைலைச் சேமித்துவிட்டோமே, எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன். இன்று திறந்தால் படம் இருந்த இடமெல்லாம் சிவப்புக் கட்டம், ‘கோப்பைக் காணவில்லை’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவரைக் கேட்டேன். சிரித்துவிட்டு, புராஜெக்ட் ஃபைலில் எங்கே வெட்டினோம் என்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும், படம் இருக்காது என்றார். இத்தனை வருட டைரக்டருக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் யோசனை ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடு. கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பேச்சைக் குறைத்து, கையால் செய்து காட்டிவிட்டு வந்துவிடு. என் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் இப்படித்தான் நேர்முகத் தேர்வில் தப்பித்தான்.

மாமா

*

மார்ச் 12

மாமாவுக்கு,

மப்ளர் யோசனைக்கு நன்றி. வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு போனால் திக்குவாய் என்ற பெயரோடு பைத்தியம் என்ற பெயரும் சேரும்.

துண்டுகளை நீங்கள் அழித்ததற்குக் கோபப்படவில்லை. உங்களை நம்பி என் போனிலிருந்து நான் எதையும் அழிப்பேனா? எல்லாம் இருக்கின்றன. இனி உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று அதே மென்பொருளை நானும் இறக்கிக்கொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் அறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தையல் மெஷினைப் பிரித்துப் போடத் தெரிந்தவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. துணி வெட்டுவதும் படம் வெட்டுவதும் ஒன்றுதான், படத்தில் தப்பாக வெட்டினால் திரும்ப ஒட்டலாம் என்பது கூடுதல் வசதி. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதில் அத்தனை வழி இருக்கிறது. பக்கம் புரள்கிறது, கதவு திறக்கிறது, இதயம் வெடிக்கிறது. என் கல்யாண வீடியோ என்று ஒன்று வந்தால் இதயம் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடியோவை நான் பலமுறை போட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அப்படியே இருபதாம் தேதி காலையில் எழுந்து பேச முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருந்தது. அழுகையும் வந்தது. அதனால் உங்கள் மேல் இருந்த கோபம் பாதி கரைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதி எப்படிக் கூடியது என்று கேளுங்கள். நான் எடுத்த துண்டுகளைச் சேர்த்து ஒரு வரிசையிலும், உங்கள் வீடியோவை அதற்குக் கீழ் வரிசையிலும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். முகத்தை அல்ல, கையைப் பார்த்தேன்.

நான் சொல்லிக்கொடுத்தது தையல் விட்டு விட்டு விழுகிற மெஷினைச் சரிசெய்வது. ஊசி கீழே போய்த் திரும்பி மேலே வரும் அந்த நொடியில் நூல் ஒரு சின்ன வளையமாகும். அந்த வளையத்தை, அடியில் சுழலும் கொக்கியின் முனை பிடிக்க வேண்டும். அதற்கு ஸ்குரூவைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, முனையை ஊசிக்கு நேராகக் கொண்டுவந்து, அசையாமல் பிடித்து இறுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யும்போது யாராவது பேசுவார்களா? நானும் பேசவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். உங்கள் பொத்தானுக்கு அது இடைவெளி. வெட்டிவிட்டது.

உங்கள் வீடியோவில் நான் ஸ்குரூவைத் தளர்த்தணும் என்கிறேன், உடனே மெஷின் சரியாகிவிட்டது என்கிறேன். நடுவில் வேலையே இல்லை. கொக்கி தானாக இடம் மாறி நிற்கிறது. நீங்கள் பேச்சைச் சுத்தம் செய்யவில்லை மாமா, பாடத்தையே எடுத்துவிட்டீர்கள்.

முழு வீடியோவை நானே சேர்த்துவிட்டேன். வெளிச்சத்தைச் சரிசெய்தேன், வேறு எதையும் தொடவில்லை. நாளை மறுநாள் நிலையத்தின் பட்டறைத் தலைவருக்கு அனுப்பப் போகிறேன், நடந்ததை எழுதிய ஒரு கடிதத்தோடு.

மருமகள்

*

மார்ச் 13

மருமகளே,

அனுப்பாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்றைக்குக் கடையில் ஒரே பெட்டிக்கு இரண்டு தடவை பில் போட்டேன்.

கொக்கி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். கையை நான் பார்க்கவே இல்லை. ஆனால் அதை அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லையே. கூப்பிட்டுவிட்டார்களே. அழைப்பு கையில் இருக்கும்போது நீயாகப் போய், முதலில் அனுப்பியது சரியில்லை, உண்மையில் நான் இப்படித்தான் என்று சொல்வானேன்? ஒரு வரியில், வர வேண்டாம் என்று பதில் எழுதிவிடுவார்கள். நேரில் போனாலாவது உன் கை பேசும்.

அக்கா அழுகிறாள். எனக்கும் தூக்கம் சரியில்லை. நீ என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உன் பேச்சு எனக்கு அவமானம் என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை. வார்த்தை சிக்கும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எதிரில் இருக்கிறவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று நீ பார்த்ததில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருவர் பரிதாபப்படுவார். ஒருவர் சிரிப்பை அடக்குவார். அந்த முகங்களையெல்லாம் உன்னைவிட அதிகமாகப் பார்த்தவன் நான். பார்க்கப் பொறுக்காமல்தான் வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பொத்தானை அழுத்தும்போதும் அந்த முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அனுப்பாதே, அம்மா. இந்த ஒரு தடவை மாமா பேச்சைக் கேள்.

மாமா

*

மார்ச் 21

மாமாவுக்கு,

கேட்கவில்லை. பதினான்காம் தேதியே அனுப்பிவிட்டேன். வர வேண்டாம் என்று பதில் வரவில்லை, எந்தப் பதிலும் வரவில்லை. நேற்று போனேன்.

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அந்த முகங்களைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தெரியாத விஷயம். என்னைச் சுற்றி அவ்வளவு நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நேற்று கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பட்டறை என்றால் நீளமான கூடம், இரண்டு பக்கமும் மெஷின்கள், ஜன்னல் ஓரத்தில் ஒரு கரும்பலகை. மெஷினுக்கு ஒருவராகப் பயிற்சி மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மூன்று நாற்காலியில் அலுவலகத்து அதிகாரி, பட்டறைத் தலைவர், நோட்டோடு ஒரு அம்மா. நான் வணக்கம் சொல்லவே நேரம் பிடித்தது. அதிகாரி நெற்றியைச் சுருக்கி, “வீடியோல இருந்தது நீங்கதானே?” என்று கேட்டார். முகம் நீங்கள் எழுதியிருந்த மாதிரியே மாறியது. என்னுடைய முகம்தான், குரல் வெட்டி ஒட்டியது, முழுசாக இருப்பதைப் பின்னால் அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லவில்லை, நின்று நின்றுதான் சொன்னேன். ஆனால் முழுசாகச் சொன்னேன்.

அப்போது பட்டறைத் தலைவர் குறுக்கிட்டார். நரைத்த மீசை, சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

“மொத வீடியோவைப் பாத்துட்டு நான் வேணாம்னுதான் சொன்னேன். இந்தப் பொண்ணு பேசுது, வேலை தெரியாது, யாரோ சரிபண்ணின மெஷினக் காட்டுதுன்னு நெனச்சேன். ஆபீஸ்ல இவர்தான் நல்லாப் பேசுறாங்க, கூப்பிட்டுப் பாப்போம்னாரு. ரெண்டாவது வந்துச்சு. அதைப் பாத்தப்புறந்தான், வேலை தெரிஞ்ச பொண்ணுதான்னு எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.”

ஆக, உங்கள் வீடியோ என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனது உண்மை. உள்ளே விடாமல் நிறுத்தவும் அதுவேதான் பார்த்தது.

வகுப்பு எடுத்தேன். எத்தனை இடத்தில் நின்றேன் என்று எண்ணவில்லை. ஒரு இடத்தில் பலமாகச் சிக்கிக்கொண்டேன். அதிகாரிக்குப் பொறுக்கவில்லை, உங்களை மாதிரியே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். நான் சொல்ல வந்தது அது இல்லை. வழக்கமாக யார் எதை எடுத்துக் கொடுத்தாலும், அப்படியே இருக்கட்டும் என்று தலையாட்டிவிடுவேன். எத்தனை தடவை எனக்கு வேண்டாததற்குத் தலையாட்டியிருக்கிறேன் தெரியுமா? நேற்று அவர் சொன்னபடி விட்டிருந்தால் அத்தனை பேரும் தப்பான ஸ்குரூவைக் கழற்றியிருப்பார்கள். இல்லை என்று தலையசைத்துவிட்டு, என் வார்த்தை வரும்வரை நின்றேன். வந்தது.

கண்ணைத் திறந்து வைத்திருந்ததில் ஒன்றைப் பார்த்தேன். நான் சிக்கிக்கொண்டு நிற்கும்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய வேலையை முடிக்காதவர்கள் அதற்குள் முடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக என் திக்கலை வரம் என்றெல்லாம் யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும். அது தொந்தரவுதான். தொந்தரவை வைத்துக்கொண்டே வகுப்பு எடுக்க முடிகிறது, அவ்வளவுதான்.

முடிவை எழுதித் தெரிவிப்பார்களாம். கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். பட்டறைத் தலைவர் கிளம்பும்போது என் கையைப் பார்த்து, எந்த அளவு ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். வேண்டாம் என்று நினைக்கிறவர் அதைக் கேட்க மாட்டார்.

மருமகள்

*

மார்ச் 25

மருமகளே,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம், உன் அத்தை காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

நீ சேர்த்த முழு வீடியோவை அக்கா அனுப்பிவைத்தாள். ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். அதை நான் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அன்றைக்குப் பொத்தான் வெட்டியது, நான் டீ குடித்தேன். மிச்சமிருந்த திக்கலை எடுக்கும்போதும் படத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தின் கோடு எங்கே குதிக்கிறது என்று பார்த்துத்தான் வெட்டினேன். நீ எடுத்ததை முழுசாக உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை, மருமகளே. டைரக்டர் என்று பெயர்.

இந்தத் தடவை பார்த்தேன். நீ சிக்கின இடத்திலெல்லாம் என் வாய் தானாக அசைந்தது. கையால் பொத்திக்கொண்டேன். வீட்டில் உன் அத்தையின் மெஷின் தையல் விட்டு விட்டு விழுகிறது என்று மூலையில் கிடந்தது. அதைத் தூக்கி மேஜையில் வைத்து, உன் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டேன். பிரிக்கும்போதே அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். முதல் தடவை கொக்கி ஊசியில் இடித்து, ஊசி ஒடிந்தது. இரண்டாவது தடவை, நீ சக்கரத்தைச் சுற்றும்போது நானும் சுற்றினேன், நீ மூச்சைப் பிடித்தபோது நானும் பிடித்தேன். நீ அடுத்த வார்த்தைக்காக நின்ற நேரத்தில்தான் என் ஸ்குரூ இறுகியது. ஒரு பழைய தலையணை உறையில் தைத்துப் பார்த்தோம். ஒரு தையல்கூட விடவில்லை. உன் அத்தை என்னைப் பார்த்த பார்வையை வீடியோ எடுக்காமல் போனேனே என்றிருக்கிறது.

நான் செய்தது உனக்கு எவ்வளவு பெரிய கெடுதலாகப் போயிருக்கும் என்று ஊசி ஒடிந்தபோதுதான் உறைத்தது. மன்னித்துக்கொள் என்று பெரியவன் நான் கேட்கக் கூடாதா என்ன? கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

மாமா

*

ஏப்ரல் 9

மாமாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. அம்மா முந்திக்கொண்டு சொல்லியிருப்பாள், இருந்தாலும் நான் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். தொழிற்சாலையில் விடைபெறும்போது பட்டன் பிரிவுத் தோழி ஒரு பெட்டி ஊசி கொடுத்தாள். அதில் ஒன்றை அத்தைக்கு அனுப்புகிறேன், நீங்கள் ஒடித்ததற்கு.

மன்னிப்பெல்லாம் எதற்கு மாமா? தையல் விட்டு விட்டு விழுந்த மெஷினை நீங்கள் சரிசெய்ததே போதும். உங்களைப் பற்றி மாணவர்களிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். மருந்து பில் போடுகிறவரே இரண்டாவது தடவையில் செய்துவிட்டார், உங்களுக்கென்ன என்று கேட்பேன்.

நேற்று முதல் வகுப்பு. பட்டறைத் தலைவர் என்னை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, இவங்கதான் புது ஆசிரியர் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பெயரைச் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் விட்டாரோ என்னவோ. உங்களுக்குத் தெரியாது, எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வார்த்தை என் பெயர்தான். கொக்கி, ஊசி, ஸ்குரூ எதற்கும் வேறு வார்த்தை போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்று கிடையாது. இத்தனை வருடமும் யாராவது கேட்டால் அம்மா சொல்லிவிடுவாள், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டேன். புது மாணவர்கள், என்னை முன்பின் பார்த்திராதவர்கள், எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முன் வரிசையில் ஒருவன் உதவலாம் என்று வாயைத் திறந்தான். எதைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். அவர்களில் யாருக்கும் என் பெயர் தெரியாது. அதை யாராலும் எனக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

காத்திருந்தார்கள். நானே சொன்னேன். அப்பாவின் முதலெழுத்தோடு, முழுசாகச் சொன்னேன்.

அப்புறம் மெஷினைத் திறந்தோம்.

மருமகள்